உமிரிக்குடாவின் முதலாம் இலக்கப் போத்தல்

உமிரிக்குடாக் கிணற்றில் ஒரு கெட்ட கிருமிகூட இல்லை என்று அரசாங்கம் அச்சடித்து அறிவித்த வருடம், அந்தக் கிணற்றை நம்பியிருந்த பதினேழு வீட்டிலும் வயிற்றோட்டம். அந்த அறிவித்தலைத் தமிழில் எழுதியவன் நான்தான். ஆகவே இந்தக் கதையைப் படிக்கும்போது யார்மீதாவது கோபம் வந்தால், முதல் பங்கை எனக்கென்று ஒதுக்கிவிட்டு மேலே படியுங்கள்.

என் பெயர் யோகராசா. 1927ஆம் ஆண்டு சிலாவத்துறையில் ‘வடமேல் கரையோர நீர்நுண்ணுயிர் விசாரணைக் கந்தோர்’ என்று ஓர் அரசாங்க அலுவலகத்தைத் திறந்தார்கள். பெயர்ப்பலகை கட்டிடத்தைவிட நீளமாகிவிட்டதால் அதன் ஒரு முனையைப் பக்கத்துப் பூவரச மரத்தில் கட்டியிருந்தார்கள். நான் அங்கே கிளாக்கர். துரைமாருக்கும் சனங்களுக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கே. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வயலில் இறங்கினவர்கள். மேசையும் கதிரையுமாக இருந்து உத்தியோகம் பார்த்த முதல் ஆள் நான். அந்தக் கதிரைமேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது போகப்போக விளங்கும்.

கந்தோர் வந்த கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் முத்துக்குளிப்பைப் பார்க்க வந்த துரைமாரின் வண்டிச் சில்லு உமிரிக்குடாச் சேற்றில் புதைந்துவிட்டது. உடனே அங்கே களப்பு என்கிற உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வாயை மண் கொட்டி அடைத்து, மேலே றோட்டுப் போட்டார்கள். முத்துக்குளிப்பு முடிந்தது, துரைமார் போனார்கள், றோட்டு மட்டும் நின்றது. நாளுக்கு இரண்டு தரம் கடல் ஏறி இறங்கிக் கழுவிக்கொண்டிருந்த களப்பு, அசையாத குட்டையாயிற்று. முதலில் பச்சையாக இருந்தது. பிறகு செங்கல் நிறம். பிறகு நானறிந்த தமிழில் பெயரில்லாத ஒரு நிறம். அந்த நிறத்தைக் கேள்விப்பட்ட பேராசிரியர் அட்டர்லி, மிகுந்த சந்தோசத்தோடு கப்பலேறி வந்துசேர்ந்தார்.

ஒரு நீர்நிலை மாறும்போது அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் கூட்டங்கள் என்ன ஆகின்றன, எந்தக் கூட்டம் இருந்த இடத்தை விட்டுப் போகிறது, எந்தக் கூட்டம் வந்து குந்துகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். களப்பிலே முப்பத்தெட்டு வகைக் கிருமிகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். என்னுடைய பெயர்தான் கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை.

கந்தோரின் தலைவர் கிறம்ப்டன் துரை. முன்பு எங்கோ தபால் முத்திரைகளுக்குப் பொறுப்பாக இருந்தவராம். கிருமியைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில் அவர் ஒருநாளும் கண் வைத்துப் பார்த்ததில்லை. தலைவர் குனிவது முறையல்ல என்பது அவருடைய கொள்கை.

இந்த இருவருக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவர் மீராசாஹிபு காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடையே அண்ணன். கொஞ்ச வயலும் ஒரு சின்ன வள்ளமும் வைத்திருந்த மனிதர். நோன்புக்கு முந்திய மாதத்தில் ஊர்க்கிணற்றை இறைத்து, அடியில் இறங்கிச் சேறு அள்ளி, உள்சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது உமிரிக்குடாவின் வழக்கம். அவருடைய வாப்பாவுக்குப் பிறகு அந்த வேலையை முன்னின்று நடத்துகிறவர் அவர். கிணறு களப்பிலிருந்து இருபது அடியெடுத்து வைக்கும் தூரத்தில். களப்பு கெட்ட பிறகு கிணறும் மஞ்சளாகி நாற ஆரம்பித்தது. அவருக்கு ஒரே மகள், சித்தி மரியம், ஏழு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளுக்கும் மாதக்கணக்காக வயிறு சரியில்லை.

அவர் முதன்முதலாகக் கந்தோருக்கு வந்தபோது மகளையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“றோட்டுக்குக் கீழால ஒரு மதகு வைச்சுத் தந்தாக் காணும், ஐயா. கடல் முந்தி மாதிரி வந்து போகும். நாங்க கிணத்த ஒருக்கா நல்லா இறைச்சு விட்டமெண்டா எல்லாம் சரியாயிடும்” என்றார்.

“அதுக்கு றோட்டுக் கந்தோருக்கெல்லோ போகவேணும், காக்கா? இஞ்ச ஏன் வந்தனீங்கள்?”

“அங்கதான் முதல் போனன். தண்ணில என்ன பிழையெண்டு கேட்டாங்க. மஞ்சளும் நாத்தமும் தெரியுது, வயித்தக் கெடுக்கிறது எதுவெண்டு மட்டும் கண்ணுக்குத் தெரியல்லெண்டு சொன்னன். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் உங்கட கந்தோருக்காம்.”

அவர் எழுதுவித்துக் கொண்டுவந்திருந்த மனுவை வாங்கி மொழிபெயர்த்து உள்ளே அனுப்பினேன். பேராசிரியர் ஆவலாக வெளியே ஓடிவந்து, மீராசாஹிபு காக்காவை அழைத்துப் போய், களப்புத் தண்ணீரில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினார். காக்கா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். “யா அல்லாஹ்!” என்று பின்னால் நகர்ந்தார். திரும்பவும் போய்ப் பார்த்தார்.

“இதுகள் என்ன செய்யுதுகள் ஐயா?”

நான் கேட்டுச் சொன்னேன். “சீவிக்குதுகளாம்.”

“எங்கட தண்ணிலயா? ஆரைக் கேட்டு?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. பேராசிரியர் அதற்குள் கிணற்றைப் பற்றிய யோசனையில் இறங்கிவிட்டார். களப்புக் கிருமிகள் எத்தனை வகை மண்ணுக்குள்ளால் ஊறிக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று அறிய வேண்டும், உடனே மாதிரி வேண்டும் என்றார். கிறம்ப்டன் துரை கந்தோரின் விதிப்புத்தகத்தைத் திறந்தார். உத்தியோகத்தர் எவரும் இலக்கமிடப்படாத தண்ணீரைத் தொடலாகாது. தண்ணீருக்கு இலக்கம் இடுவது அது கந்தோருக்கு வந்த பிறகு. ஆகவே மாதிரியை மனுதாரரே எடுத்துப் போத்தலில் அடைத்துக் கொண்டுவர வேண்டும். அதுவரை கிணற்றை இறைக்கக் கூடாது.

மருந்து நாற்றம் அடிக்கும் ஒரு கண்ணாடிப் போத்தலைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தேன். “துரை இதைப் பரீட்சை பண்ணப்போறார், காக்கா. கிணத்துத் தண்ணியை நிரப்பிக்கொண்டு வாங்கோ” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் போத்தல் வீட்டுக்குப் போனதும் நடந்ததைப் பின்னர் அவருடைய மனைவி சபூராவே எனக்குச் சொன்னார். மூடியைத் திறந்ததும் சாராய நெடி. கிருமி சாகட்டும் என்று பேராசிரியர் சாராயத்தால் அலசி வைத்தது அது. நோன்பு பிடிக்கிற வீட்டுக்குள் சாராயப் போத்தலா? சபூரா அதைச் சாம்பல் போட்டு மூன்று தரம், மணல் போட்டு மூன்று தரம் கழுவினார். பிறகு வெயிலில் காயவைத்துச் சாம்பிராணிப் புகை பிடித்தார். அதற்குள் எதை ஊற்றுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கொண்டச்சியில், மூன்று மைல் தூரத்தில், மணலுக்குள் ஒரு நல்ல கிணறு இருக்கிறது. பிள்ளைக்கும், வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும் குடிக்க என்று நாளுக்கு ஒரு குடம் அங்கேயிருந்துதான் தலையில் சுமந்து வருவார்; சமையலுக்கும் குளிப்புக்கும் ஊர்க்கிணறுதான். அந்தத் தண்ணீரை வெள்ளைச் சீலையால் வடித்துப் போத்தலில் நிரப்பினார்.

“கெட்டது எண்டு மனுவில எழுதிக் குடுத்தாச்சுத்தானே, தம்பி. பிறகும் அந்த நாத்தத்தக் கொண்டுபோய் ஒரு மனிசன்ட முகத்துக்கு நேர நீட்டுறதா? கேட்டு அனுப்பினவங்களுக்கு உள்ளதில நல்லதத்தானே குடுக்கிறது?”

மீராசாஹிபு காக்காவுக்கும் அது சரியாகவே பட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புவதில்லையா என்று கேட்டார். ஊரின் மானமும் அந்தப் போத்தலோடு போவதாக அவர் நினைத்திருக்கிறார். அவருக்குப் புத்தியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உமிரிக்குடாவில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

போத்தலுக்கு முதலாம் இலக்கம் கிடைத்தது. மூன்று நாள் பேராசிரியர் நித்திரை கொள்ளவில்லை. நாலாம் நாள் கண் சிவக்க வெளியே வந்தார். களப்பின் முப்பத்தெட்டு வகைக் கிருமியில் ஒன்றுகூட அந்தப் போத்தலில் இல்லை. நாறிச் செத்துக்கொண்டிருக்கும் ஒரு களப்பிலிருந்து இருபது காலடிக்குள், அதன் மூச்சுக்கூடப் படாத ஒரு கிணறு! உலகத்தில் எங்குமே இப்படி இல்லை என்று மேசையில் தட்டினார். தண்ணீரில் மெல்லிய வாசம் ஒன்று இருந்தது. ‘இயற்கையான நறுமணம்’ என்று அதையும் பதிந்தார்கள். அந்த வாரமே கட்டுரை இலண்டனுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. பலகை வந்தது. இடுப்பில் பித்தளை வில்லை வைத்த பட்டியோடு சனூன் என்கிற காவற்காரர் வந்தார். திறப்பு விழாவில் கிறம்ப்டன் துரை பேசியதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், இன்றைக்கும் மனப்பாடம்.

“உமிரிக்குடாப் பிரசைகளே! இந்தக் கிணறு இனி உங்களுடையது மட்டுமல்ல, விஞ்ஞானத்தினுடையது. குடிக்க அள்ளுவதை அரசாங்கம் பெருந்தன்மையோடு அனுமதிக்கிறது. ஆனால் இதை இறைப்பதும், சேறு அள்ளுவதும், சுண்ணாம்பு பூசுவதும் இன்றிலிருந்து குற்றம். றோட்டுக்குக் கீழே மதகு கேட்டு ஒரு மனுவும் வந்திருக்கிறது. மதகு வைத்தால் களப்பு பழையபடி ஆகிவிடும். நாங்கள் மாற்றத்தை ஆராய வந்திருக்கிறோம். அதை மாற்ற விட முடியுமா? களப்பு கெட்டுப்போனால்தான் எங்கள் ஆராய்ச்சி நல்லபடியாக நடக்கும். உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இவ்வளவு கெட்டுப்போயிருக்காது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.”

கைதட்டுங்கள் என்று நான் சைகை காட்டினேன். தட்டினார்கள்.

மீராசாஹிபு காக்கா மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து, “ஐயா, எந்தக் கிணத்தச் சொல்றார்?” என்று கேட்டார்.

“இதைத்தான்.”

“இதில கிருமி இல்லையாமா?”

“ஓம். நீங்கள் தந்த போத்தலில ஒண்டும் இல்லை.”

அவர் முகம் அப்படியே செத்துப்போயிற்று. “அது கொண்டச்சித் தண்ணியெல்லோ ஐயா” என்றார்.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதனாலும் பலன் இல்லை. கிறம்ப்டன் துரை பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

“இந்த மனிதர் சொல்வது உண்மையானால், இவர் பொய்யான மாதிரியைக் கொடுத்து அரசாங்கத்தை ஏமாற்றியவர். ஏமாற்றுகிறவரின் வாக்குமூலத்தை நாம் ஏற்கக் கூடாது. இவர் சொல்வது பொய்யானால் அப்போதும் ஏற்கக் கூடாது. இரண்டிலும் முடிவு ஒன்றாக வருவது மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆயினும் மனுதாரர் விரும்பினால் உறுதிப்படுத்தும் மாதிரி ஒன்றைத் தரலாம். அதற்கு விதி இடம் தருகிறது.”

விதியில் இடம் இருக்கிறது என்று கேட்டு நாங்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஓடினோம். இந்தமுறை போத்தலைக் கழுவ வேண்டாம், புகை பிடிக்க வேண்டாம், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும் கிணற்றில் இருப்பதை இருக்கிறபடி கொண்டுவாருங்கள் என்று சபூராவிடம் கெஞ்சினேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். காக்காவே அள்ளினார். போத்தலை மேசையில் வைத்தபோது மூடியிருந்தும் நாறியது. உள்ளே ஏதோ ஒன்று நூல் நூலாக மிதந்தது. கிறம்ப்டன் துரை மூக்கைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டார்.

“இது என்ன?”

“உமிரிக்குடாக் கிணற்றுத் தண்ணீர், துரை.”

“இருக்க முடியாது. உமிரிக்குடாக் கிணற்றுத் தண்ணீர் தெளிவானது, இயற்கையான நறுமணம் உள்ளது. முதலாம் இலக்கத்தைப் பாரும். உறுதிப்படுத்தும் மாதிரியின் வேலை முதல் மாதிரியை உறுதிப்படுத்துவது. இது உறுதிப்படுத்தவில்லை. ஆகவே இது உறுதிப்படுத்தும் மாதிரி அல்ல. வேறு எங்கோ அள்ளிய அழுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து அரசாங்கத்தின் கிணற்றை அவமதித்தமைக்காக இவரை எச்சரிக்கிறேன். எழுதிக்கொள்ளும்.”

எழுதிக்கொண்டேன். என்னுடைய கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

நோன்புக்கு முந்திய மாதம் வந்தது. காவற்காரர் சனூனும் அதே கிணற்றில்தான் குடித்தார். ஆகவே பெரும்பாலும் பக்கத்துப் பற்றைப் புதருக்குள்தான் இருந்தார். அவர் அப்படி ஒருமுறை ஓடிய நேரம் பார்த்து, மீராசாஹிபு காக்காவும் ஐந்தாறு ஆண்களும் வேலிக்குள் நுழைந்து இறைக்கத் தொடங்கினார்கள். நாற்பது வாளி இறைப்பதற்குள் சனூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“காக்கா, என்ட வேலை போயிடும், விடுங்க காக்கா” என்று அழுதாராம். அழுதுகொண்டே அறிக்கையும் எழுதினார். அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பொருளில் நாற்பது வாளியை வீணாக்கிய குற்றத்துக்காக மீராசாஹிபு காக்காவுக்குப் பத்து நாள் மறியல், சிறைவாசம். இறைத்த தண்ணீரைத் திரும்பவும் கிணற்றுக்குள் ஊற்றும்படியும் தீர்ப்பில் இருந்தது. அது மணலுக்குள் போய்விட்டது என்று நான்தான் விளக்கக் கடிதம் எழுதினேன். அதனால் களப்பிலிருந்து நாற்பது வாளி அள்ளி ஊற்றினார்கள்.

அவர் மறியலில் இருந்த நாட்களில் நான் ஒருமுறை உமிரிக்குடாவுக்குப் போனேன். வீடு வீடாகப் பாய். மரியம் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். கை என்று சொல்ல ஒரு குச்சிதான் இருந்தது. என்னைக் கண்டதும், “வாப்பா கிணறு இறைச்சிட்டாரா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக நான் உத்தியோகத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேராசிரியரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் அன்றே என்னோடு கிணற்றடிக்கு நடந்து வந்தார். வேலிக்கு வெளியே நின்று மூக்கால் ஒருமுறை இழுத்தார். அவருக்கு நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை, முகம் வெளிறிப்போனது. பையிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு வேலிக்குள் காலை வைத்தார்.

சனூன் முன்னால் வந்து நின்றார். “தலைவர் துரைட கையெழுத்து இல்லாம ஆரும் மாதிரி எடுக்கப்படாதாம், துரை. பலகையில கிடக்கு.”

பேராசிரியர் பலகையைப் பார்த்தார். விதி ஏழு. “அதை எழுதியவன் நான்தான்” என்றார் மெதுவாக. காலைப் பின்னால் எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதங்களை நான்தான் பிரதி பண்ணினேன். தன்னுடைய கட்டுரை பிழை, கிணற்றை உடனே இறைக்க வேண்டும், மதகு வைக்க வேண்டும் என்று ஒன்பது பக்கம் எழுதினார். கிறம்ப்டன் துரையின் பதில் அரைப்பக்கம். ‘பேராசிரியர் அட்டர்லி ஏற்கெனவே அறிவித்துள்ள முடிவைப் பேராசிரியர் அட்டர்லி மறுக்கிறார். இருவரும் சமமான தகைமை உடையவர்கள். எனினும் முந்தியவரின் கருத்து இலண்டனில் அச்சேறிவிட்டது. பிந்தியவர் வெயிலில் களைத்திருப்பதாகத் தெரிவதால் அவருக்கு ஆறு மாத லீவு சிபாரிசு செய்யப்படுகிறது.’

கப்பலுக்குப் புறப்படும்போது பேராசிரியர் என் கையைப் பிடித்து அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும் என்றார். சொன்னேன். “அவர் என்ன செய்வார், பாவம்” என்றார் மீராசாஹிபு காக்கா. மறியலிலிருந்து வந்து அப்போது இரண்டு நாள்.

பதினேழு வீட்டு வயிற்றோட்டத்தைக் கந்தோர் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விசாரணை நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்று முப்பது கேள்வி. தண்ணீரைப் பற்றி மட்டும் கேள்வி இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே தீர்க்கப்பட்ட விடயம். முடிவில் கிறம்ப்டன் துரை எழுதினார்: கிணற்றில் கிருமி இல்லை, ஆனால் சனங்களிடம் இருக்கிறது. இவர்கள் இவ்வளவு கிட்ட இருந்தால் அந்தக் கிருமி கிணற்றுக்குத் தொற்றிவிடும். ஆகவே கிணற்றைச் சனங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

பதினேழு வீடும் ஒரு மாதத்துக்குள் காலி செய்து, உள்ளே இரண்டு மைல் தள்ளிப் பற்றைக்காட்டில் குடியேற வேண்டும் என்று கட்டளை வந்தது. அங்கிருந்து கொண்டச்சி ஐந்து மைல். மீராசாஹிபு காக்கா அந்த இடத்தில் ஒரு கிணறு தோண்ட அனுமதி கேட்டு மனுப் போட்டார். தோண்டலாம், ஆனால் தோண்டப்போகும் கிணற்றின் தண்ணீரில் ஒரு போத்தல் முன்கூட்டியே மாதிரியாகத் தர வேண்டும் என்று பதில் போயிற்று. அந்தப் பதிலையும் எழுதியவனை உங்களுக்குத் தெரியும்.

ஊர் கிளம்பும் நாளிலேயே, அதிசயக் கிணற்றைப் பார்க்க இலண்டனிலிருந்து பெரிய துரை ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை மீசை, நல்ல வெயில். ஒரு பக்கம் வண்டில்களில் பாயும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் கிறம்ப்டன் துரை பலகையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய துரை வேலிவரை போனார். பேராசிரியர் போன பிறகு கந்தோர் கிணற்றுக்குப் போட்ட மூடி இருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. களப்பின் நாற்றத்துக்குள் மூடிக்கிடந்த கிணற்றின் நாற்றத்தைப் புதிதாக வந்த ஒருவரால் பிரித்தறியவும் முடியாது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இந்தப் புகழ்பெற்ற தண்ணீரில் ஒரு கோப்பை குடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மீராசாஹிபு காக்காவைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் முதன்முதலாக எனக்கு ஒரு வழி தெரிந்தது. கிட்டப் போய், வாய்க்குள்ளேயே சொன்னேன்:

“காக்கா, துரை கிணத்துத் தண்ணி கேக்கிறார். கிணத்திலயே அள்ளிக் குடுங்கோ. ஒரு வாய் பட்டால் காணும். எல்லாத்துக்கும் முடிவு வந்திடும்.”

அவருக்கு விளங்கியது. போய் மூடியை நீக்கி வாளியை விட்டார். இழுத்தார். கோப்பையில் ஊற்றினார். பெரிய துரை கொஞ்சம் தள்ளி, வாடிப்போன ஒரு முருங்கை நிழலில் கைலேஞ்சியால் விசிறிக்கொண்டு நின்றார். வயதான மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காக்கா கோப்பையோடு நாலு அடி வைத்தார். நின்றார். கோப்பைக்குள் பார்த்தார். துரையின் முகத்தைப் பார்த்தார்.

“குடுங்கோ காக்கா” என்றேன்.

“ஏலாது ஐயா” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. “தாகமெண்டு கேட்டு நிக்கிற மனிசன். இதை எப்பிடிக் குடுக்கிறது?”

அவர் கோப்பையைக் கவிழ்த்து மணலில் ஊற்றினார். சபூரா அதற்குள் வண்டிலில் இருந்து குடத்தை இறக்கிவிட்டார். கொண்டச்சிக் குடம், சாம்பிராணி பிடித்த குடம். அன்றைக்குப் பாதிதான் இருந்தது. கோப்பையை மூன்று தரம் அலசினார். அதில் கொஞ்சம் போயிற்று. பிறகு நிரப்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

அதுவும் கிணற்றுத் தண்ணீர் என்றே எண்ணிய பெரிய துரை முதலில் முகர்ந்தார். “ஆகா, அந்த இயற்கையான நறுமணம்!” என்றார். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். கிறம்ப்டன் துரையின் கையைக் குலுக்கி, கட்டுரையில் உள்ளதைவிட நேரில் இன்னும் நன்றாக இருக்கிறது என்றும், இந்தக் கிணற்றை என்றைக்கும் யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மாட்டேன் என்று சொல்லக்கூடிய தலைவரா அவர்?

வண்டிலில் படுத்திருந்த மரியம், “உம்மா, தண்ணி” என்றாள். சபூரா குடத்தைச் சரித்தார். விழுந்ததை உள்ளங்கையில் ஏந்திப் பிள்ளையின் உதட்டில் தடவினார்.

“துரை என்ன சொல்றார் ஐயா?” என்று கேட்டார் மீராசாஹிபு காக்கா.

“நல்ல தண்ணியாம், காக்கா.”

“ஓம்” என்றார் அவர். “நல்ல தண்ணிதான். பிள்ளைக்கெண்டு வைச்சிருந்தது.”

வண்டில் நகர்ந்தது. கிறம்ப்டன் துரை என் பக்கம் திரும்பி, அந்த மனிதர் கடைசியாக என்ன சொன்னார் என்று விசாரித்தார். பெரிய துரையும் ஆவலாகப் பார்த்தார்.

அரசாங்கத்துக்கு நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.